ஏல்மூர் ஏழாம் இலக்க வீட்டின் உத்தரம்

ஏல்மூர் கிராமத்தின் ஏழாம் இலக்க வீட்டுத் தலைவாசல் உத்தரத்தில் 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு பெயர் கூடியது. உளி பிடித்தவர் எவருமில்லை. அதே கிழமை பாண் விலை பத்துப் பெனிக் ஏறியது, ஆற்றுப் பாலம் திருத்தவேலைக்காக மூடப்பட்டது. ஊர் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பேசி முடித்தது. ஜெர்மனியில் ஹனோவருக்கு வடமேற்கே உள்ள அந்த மாவட்டத்தில் பழைய கமக்கார வீடுகள் எல்லாவற்றுக்கும் வைக்கோல் வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய வாசல் உண்டு. வாசலின் மேல் ஓக் மர உத்தரம். அதில் வீட்டைக் கட்டிய கணவன் மனைவியின் பெயர், ஆண்டு, ஒரு வரிச் செபம். ஏழாம் இலக்கத்தில் யோஹான் ஹின்றிக் றோடெவால்ட், மனைவி அன்னா இல்சபே, 1794 என்று வெட்டியிருந்தது. அதன் கீழே ஒரு சாண் உயரத்துக்கு மரம் இருநூறு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில்தான் 'ஹைன்றிக் 1944' என்று வந்தது. எழுத்தின் அமைப்பு பழையதைப் போலவே இருந்தது. வெட்டுவாயில் மட்டும் மரம் வெளிறி, அன்று காலை தறித்ததுபோல ஈரமாக இருந்தது.

முதலில் கண்டவள் ஞானமலர். பின்னேரம் மூன்று மணிப் பஸ்ஸில் வேலையால் வந்து இறங்கியபோது வாசற்படியில் மரத்தூள் கிடந்தது. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள். அடுத்த நாளும் கிடந்தது. மூன்றாம் நாள்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவள் அவள். 1991 நவம்பரில், அகதி விண்ணப்பம் போட்டவர்களை ஊர் ஊராகப் பிரித்தபோது, மாவட்ட நிர்வாகம் பன்னிரண்டு தமிழரைக் கொண்டுவந்து இந்த வீட்டில் இறக்கியது. மற்றப் பதினொரு பேரும் கடதாசி சரிவரச் சரிவர கெல்சென்கிர்ச்சனுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் போய்விட்டார்கள். அவள் மட்டும் வாடகைக்குத் தங்கிவிட்டாள். ஏன் என்று கேட்டால், முதியோர் இல்லத்துச் சமையற்கட்டு வேலை பஸ்ஸில் இருபது நிமிடம்தானே என்பாள். உள்ளே வேறு காரணம் இருந்தது. ஆளைத் தேடித்தரும் அலுவலகங்களுக்கு அவள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் இந்த விலாசத்தைத்தான் கொடுத்திருந்தாள்.

தேடப்பட்டவன் யோசப், அவளுடைய கணவன். 1990 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, படகு இயந்திரத்துக்கு ஒரு வளையம் வாங்கிவருகிறேன் என்று சைக்கிளில் மன்னாருக்குப் போனான். சைக்கிள் பாதையோரத்து மதகில் சாத்தியபடி நின்றது, பூட்டும் போட்டிருந்தது. ஆளைக் காணவில்லை. கண்டோம் என்று சொன்னவருமில்லை, இறந்தான் என்று சொன்னவருமில்லை. ஞானமலர் கறுப்பு உடுத்தவில்லை, தாலிக்கொடியைக் கழற்றவில்லை. விண்ணப்பப் படிவங்களில் கணவன் இருக்கும் இடம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதி எழுதி, ஜெர்மன் மொழியில் அவள் பிழையில்லாமல் எழுதப் பழகிய முதற் சொல் அதுவாயிற்று.

வீட்டுக்காரி ஹெட்விக் றோடெவால்ட் எண்பத்திரண்டு வயதானவர். கல்யாணம் செய்யாதவர், கீழ்த்தளத்தில் அடுப்படிக்கு அடுத்த அறையில் இருந்தார். ஹைன்றிக் அவருடைய தம்பி. 1943இல் ரஷ்யப் போர்முனையில் காணாமற்போனதாகக் கடிதம் வந்திருந்தது. உத்தரம் சொன்ன 1944 அவரை உலுப்பிவிட்டது. தம்பி செத்தது அவருக்குப் புதினமில்லை. மேலதிகமாக வந்த ஒரு வருடத்தைத்தான் அவரால் எங்கேயும் வைக்க முடியவில்லை. "அந்த ஒரு வருடம் அவன் எங்கே இருந்தான், என்ன சாப்பிட்டான்?" என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அவனுடைய மேலங்கியை அலுமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டி மறுபடியும் அதே அலுமாரியில் தொங்கவிட்டார்.

அதே வருடம் இன்னும் இரண்டு பெயர்கள் வந்தன. 'ஸ்தனிஸ்லாவா 1945': போர்க்காலத்தில் போலந்திலிருந்து பிடித்துவரப்பட்டுப் பட்டிவேலை செய்தவள், பரணில் காய்ச்சலாகப் படுத்து எழும்பாதவள். அவள் பெயரை எழுதும்போது உத்தரம் போலந்துக்காரர் எழுதுகிறபடி ஒரு எழுத்துக்குக் குறுக்குக் கோடும் போட்டது. பிறகு 'குழந்தை 1947': கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்து இங்கே அடைக்கலமிருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை, பெயர் வைக்கமுதல் போய்விட்டது. பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகம், பட்டியலிடப்பட்ட கட்டடத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்திருப்பதாக ஹெட்விக்குக் கடிதம் போட்டது. ஒன்பதாம் இலக்கத்து வில்பிறீட், மதியம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட ஓய்வுநேரத்தில் உளிச்சத்தம் கேட்கிறது, அந்த நேரத்தில் சத்தம் போடுவது சட்டப்படி தடை என்று முறையிட்டார். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அளந்தார். உத்தரம் பழைய பத்திரத்தில் உள்ளதைவிட ஒன்பது சென்ரிமீற்றர் நீண்டிருந்தது. இந்த வளர்ச்சிக்குப் படிவம் இல்லை என்று சொல்லிக் கோவையை மூடினார்.

மாவட்டத்தின் ஊர்களையும் குடும்பங்களையும் பழைய வீடுகளையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. ஏல்மூர்ப் பகுதியை எழுதும் பொறுப்பு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் டீர்க்கிங்கிடம் இருந்தது. அவர் கோயில் ஞானஸ்நானப் பதிவுகளையும் காணி உறுதிகளையும் உத்தரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார். இந்த வீட்டில் உண்டு உறங்கியிருக்க வேண்டும், எங்கே என்றாலும் இறந்திருக்க வேண்டும், அந்த இறப்பு எந்தப் பதிவிலும் சரியாக எழுதப்படாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தியவர்களை மட்டுமே உத்தரம் எழுதுகிறது. பக்கத்தில் இருக்கும் எண் இறந்த ஆண்டு. எழுதுவதை நேரில் பார்க்கவும் முயன்றார். ஒன்றிலிருந்து மூன்று மணிவரை வாசலில் கதிரை போட்டுக் கண் கொட்டாமல் இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. மூக்குச் சிந்த ஒரு கணம் குனிந்து நிமிர்ந்தபோது புதிதாக ஒரு கீறு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதாது என்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

இந்த வீட்டு மேல்மாடி அறைக்கு 1998இல் குடிவந்தவர் யோகலிங்கம். சாவகச்சேரிக்காரர், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தவர், ரயில் பெட்டிகளைத் துப்புரவாக்கும் வேலை. அதிகம் பேசமாட்டார். ஞானமலர் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டாள். ஹெட்விக்கின் கூரையிலிருந்து ஓடு கழன்றால் ஏறி மாட்டுவார், குழாய் உறைந்தால் சூடுகாட்டுவார். நாலு வருடம் இப்படிப் போனபிறகு, 2002 கோடையில் ஒருநாள் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

"மலர், இனிமேல் என்னை அண்ணையெண்டு கூப்பிடாதேங்கோ."

"ஏன்?"

"கேக்க ஏலாமல் கிடக்கு."

அவளுக்கு விளங்கியது. கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டே நின்றாள். "எனக்குக் கலியாணம் முடிஞ்சுது. அவர் இல்லையெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இருக்கிறாரெண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஓம்," என்றாள். "ரெண்டும் சொல்லேல்லை."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவள் அண்ணை என்பதை விட்டுவிட்டாள். வேறெதையும் அந்த இடத்தில் வைக்கவுமில்லை. ஒரு வருடம் அவரைக் கூப்பிட வேண்டிய நேரங்களில் கதவில் தட்டினாள்.

2003 மே பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, குழந்தையின் பெயருக்குக் கீழே ஒரு சுழி வந்தது. டீர்க்கிங் அதை நத்தை வடிவ அலங்காரம் என்று குறித்தார். விளக்குமாறோடு நின்ற ஞானமலர் அதை விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். அது இரட்டைக் கொம்பு. தமிழில் சில ஒலிகளுக்கான கொம்பு, தன் எழுத்து எதுவென்று காட்டாமலே முன்னால் வந்து நின்றுவிடும். உத்தரம் தமிழ் எழுதத் தொடங்கிவிட்டது என்று அவள் சொன்னபோது டீர்க்கிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தன் குறிப்பிலிருந்த நத்தையை வெட்டினார்.

அவள் கெல்சென்கிர்ச்சனில் இருந்த பிறேமாவுக்கு ரெலிபோன் எடுத்தாள். பிறேமாவும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. எல்லாருடைய இலக்கமும் அவளிடம் இருந்தது. அடுத்த கிழமை கொம்புக்குப் பக்கத்தில் 'ய' வந்தது. "யேசுதாசன்!" என்று பிறேமா அலறினாள். யேசுதாசன் லண்டனில் வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்தான், ரெலிபோனை எடுத்து, ஆறுதலாகக் கதைக்கிறேன், காரில் ஆள் இருக்கிறது என்றான். மூன்றாம் கிழமை 'ய'வுக்குப் பின்னால் கால் வந்து நின்றது. யோ. இந்த வீட்டில் உண்டு உறங்கிய தமிழரில் யோ என்று தொடங்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் மேல்மாடியில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

யோசப் இந்த வீட்டைக் கண்டவனேயல்ல. விதிப்படி அவன் பெயர் வர வழியில்லை. உத்தரம் இதுவரை உயிரோடிருப்பவர் எவரையும் எழுதியதுமில்லை. ஆனால் எழுத்து முடியக் கிழமைக் கணக்கில் நாள் பிடிக்கிறது. அதற்குள் ஒரு மனிதன் சாகலாம்.

அன்று அவள் கதவில் தட்டாமல் உள்ளே போனாள். "நீங்கள் ஹனோவருக்குப் போங்கோ. உங்கட சினேகிதப்பெடியள் இருக்கினம்தானே. இந்த வீட்டில நிக்காதேங்கோ."

"என்ர பேரெண்டால் ஹனோவரிலயும் என்ர பேர்தான்," என்றார் யோகலிங்கம். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இஞ்ச எண்டால் நீங்களாவது பக்கத்தில நிப்பியள்."

அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் ச எண்டு வரவேணுமெண்டு மாதாவுக்கு நேர்ந்துபோட்டன். எந்தப் பெண்சாதி அப்பிடி நேருவாள், சொல்லுங்கோ. தன்ர புருசன் செத்திருக்கவேணுமெண்டு."

யோகலிங்கம் சட்டையை மடித்து வைத்தார். "நானும் அதைத்தான் நேர்ந்தனான். பிள்ளையாருக்கு. பாவத்தில பாதி எனக்கு."

அடுத்த நாள் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, வாசலில் ஏணியைச் சாத்தி ஏறி, உத்தரத்துக்கு நேரே இருந்துகொண்டார். ஒன்றிலிருந்து மூன்றுவரை கண்ணை எடுக்காமல் பார்த்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மரம் அசையவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஊரவர்கள் சிலர் வீதியில் நின்று பார்த்தார்கள். வில்பிறீட் பாண்துண்டும் கோப்பியும் கொண்டுவந்து ஏணியின் கீழே வைத்தார். பார்த்துக்கொண்டேயிருந்தால் பெயர் முடியாது, பெயர் முடியாவிட்டால் சாவுமில்லை. இந்தக் கணக்கில் ஊருக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நான்காம் நாள் ஞானமலர் வேலைக்குப் போகவில்லை. ஏணியின் கீழே வந்து நின்றாள். கோடைவெயில் அந்த வருடம் கொளுத்தியது. அவருடைய கழுத்தின் பின்புறம் தோல் உரிந்திருந்தது.

"இறங்குங்கோ," என்றாள்.

"இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

"இறங்குங்கோ எண்டுறன். பதின்மூண்டு வரியமா நானும் உப்பிடித்தான் இருக்கிறன். ஒண்டும் முடியக்கூடாதெண்டு கண்ணை எடுக்காமல். காணும்."

அவர் அவளைப் பார்த்தார். பார்ப்பதற்காக உத்தரத்திலிருந்து கண்ணை எடுக்கவேண்டியிருந்தது. தலைக்குமேலே மரத்தில் உளி இறங்கும் சத்தம் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கிவந்தார். இருவரும் உள்ளே போய்ச் சோறும் பருப்பும் சாப்பிட்டார்கள். வெளியே வந்து பார்த்தபோது ஒரு மேற்கோடும் அதிலிருந்து இறங்கும் ஒரு நிமிர்கோடும் இருந்தன. 'க'வுக்கும் அதுதான் தொடக்கம், 'ச'வுக்கும் அதுதான். இரண்டு நாள் மரத்தூள் விழவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் சவரம் செய்யவில்லை, அவள் தலை சீவி இழுக்கவில்லை. ஹெட்விக் இருவருக்கும் ஆப்பிள் கேக் சுட்டார்.

மூன்றாம் நாள் 'ச' முடிந்திருந்தது. அதற்கடுத்த கிழமை 'ப' வந்தது. பிறகு அதன் தலையில் ஆணி அடித்த துளைபோல ஒரு புள்ளி. கடைசியாக ஆண்டு: 1997.

ஞானமலர் அழவில்லை. உள்ளே போய்த் தோய்த்த துணிகளை ஒவ்வொன்றாக ஸ்திரிக்கை போட்டாள். துவாயும் மேசைத்துண்டும் காலுறையும்கூட. 1990 என்று வந்திருந்தால் ஒரு அடியோடு போயிருக்கும். மதகடியில் சைக்கிளைச் சாத்திய கையோடு முடிந்தது என்று நினைத்திருக்கலாம். 1997 என்றால் ஏழு வருடம். ஹெட்விக்குக்கு ஒரு வருடத்தை வைக்க இடமில்லாமல் போன அந்த வீட்டில், அவள் ஏழு வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யோகலிங்கம் ஸ்திரிக்கைப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினார். அப்போதுதான் அவள் தரையில் இருந்து அழுதாள். அவர் பக்கத்தில் இருந்தார். தொடவில்லை.

டீர்க்கிங் துக்கம் விசாரித்துவிட்டு, கறுப்புத் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு விசயம் சொன்னார். உத்தரம் இதுவரை பிழை விட்டதில்லை. பெயர் வந்திருக்கிறதென்றால் உங்கள் கணவர் இந்த வீட்டில் இருந்திருக்கிறார். எப்போது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனார்.

அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. பேக்கரிக்காரி இல்ஸே, ஓம், அந்த மெலிந்த கறுத்த மனிதர்தானே, எத்தனையோ தடவை வந்திருக்கிறார் என்றாள். நேற்று மிஞ்சிய பாண் கொடுத்தால் கடையிலேயே நின்றபடி தின்பார், யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோல வேகமாக. வில்பிறீட், 94 கோடையில் வைக்கோல் கட்ட உதவிக்கு வந்தார், பலசாலி, ஆனால் இரண்டு மணிக்கட்டிலும் கயிறு வெட்டின தழும்பு, கையுறை கொடுத்தேன் என்றார். பஸ் சாரதி, காலை ஐந்து இருபது பஸ்ஸில் ஞானமலர் ஏறிப் போகும்போது அவர் தரிப்பிடத்தின் பின்பக்கம் நின்று பஸ் வளைவில் மறையும்வரை பார்ப்பார் என்றான். எல்லாரும் ஒரு விசயத்தை ஒரேமாதிரிச் சொன்னார்கள்: கதைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து யாரோ இலக்கம் சொல்லிக் கூப்பிட்டதுபோல அவர் தலை திரும்பும், அடுத்த கணம் ஆள் இருக்கமாட்டார். எந்த மொழியில் பேசினார் என்று கேட்டதற்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் அதை யோசித்ததேயில்லை. ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார்கள்.

டீர்க்கிங்கின் கொப்பியில் முதலாவது தேதி 1991 நவம்பர், கடைசித் தேதி 1997 நவம்பர். அவள் அந்தக் கொப்பியை வாங்கி வாசித்தாள். பிறகு கொப்பியில் நம்பிக்கையில்லாமல் தானே வீடுவீடாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில், கோயிலால் வந்து, நல்ல சேலை உடுத்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, என்ன சட்டை போட்டிருந்தார், சிரித்தாரா, இருமினாரா, பல்லில் ஒன்று உடைந்திருந்ததா என்று கேட்டாள். அவர்கள் கோப்பி ஊற்றிக் கொடுத்து, தெரிந்ததைச் சொன்னார்கள். உடைந்த பல்லை இல்ஸே கண்டிருந்தாள். மேல்வரிசையில், இடப்பக்கம். பேசாலையில் படகுத் துடுப்பு அடித்து உடைந்த பல். அதைக் கேட்ட அன்று ஞானமலர் வீட்டுக்கு வந்து, வெறும் அடுப்படியில் நின்று, வாய் ஓயாமல் திட்டினாள். "ஊரெல்லாம் போய் முகத்தைக் காட்டினியள். வைக்கோல் கட்டப் போனியள். எனக்கு ஏன் காட்டேல்லை? நான் என்ன செய்தனான் உங்களுக்கு? சொல்லுங்கோ!"

அடுத்த அறையிலிருந்து ஹெட்விக் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வெளுத்த துணிபோன்ற முகம். கதிரையை இழுத்து இருந்துகொண்டார்.

"நான் இதில் வாய்வைக்கக் கூடாது என்றிருந்தேன்," என்றார். "கணவன் மனைவிக்குள் என்னவோ கோபம் என்று நினைத்தேன். நீ அவரைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அவரும் நீ இருக்கும்போது வருவதில்லை. மற்றவர்களுடைய குடும்ப விசயத்தில் நான் தலையிடுவதில்லை."

ஞானமலர் அவருக்கு எதிரே இன்னொரு கதிரையை இழுத்து இருந்தாள்.

"நீ வேலைக்குப் போனபிறகு வருவார். அந்த அடுப்புப் பக்கத்து வாங்கில் இருப்பார். சில நாள் நித்திரை கொள்வார், இருந்தபடியே. நான் சூப் கொடுப்பேன். ஒருநாள் கேட்டேன். இவ்வளவு தூரம் வருகிறாய், மூன்று மணிவரை நின்றால் அவளைப் பார்க்கலாமே என்று. பார்த்தால் அவள் என்னைப் போகவிடமாட்டாள் என்றார். போகாவிட்டால் என்ன என்றேன். அங்கே ஒரு அறையில் பதினாறு பேர் இருக்கிறோம், எண்ணும்போது ஒரு ஆள் குறைந்தால் மற்றப் பதினைந்து பேருக்கும் அடி விழும் என்றார்."

அடுப்பில் வைத்த கேத்தல் கொதித்துக் கத்தியது. இருவரும் எழும்பவில்லை.

"வர வர அந்த எண்ணிக்கை குறைந்தது. பதினொன்று என்றார். பிறகு ஆறு. 97 நவம்பரில், உறைபனி விழுந்த முதல் நாள், வந்து வாங்கில் இருந்தார். மூன்று மணியாகப் போகிறதே, அங்கிருந்து கூப்பிடவில்லையா என்று கேட்டேன். இனி அங்கே அடி வாங்க ஒருவருமில்லை, இன்றைக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை என்றார். சப்பாத்தைக் கழற்றினார். நான் முழங்கால் நோவுக்கு மருந்து பூச உள்ளே போனேன். வந்து பார்த்தபோது வாங்கு காலியாக இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் வாசலால் போகவில்லை, மலர். கதவு கிறீச்சிடும், உனக்குத் தெரியும். அது சத்தம் போடவில்லை."

அந்த நாளை ஞானமலரால் நினைவுபடுத்த முடிந்தது. மூன்று மணிப் பஸ்ஸால் இறங்கி வந்து, குளிரில் விறைத்த கைகளை அந்த அடுப்பில்தான் காட்டினாள். அதே வாங்கில்தான் இருந்தாள். வாங்கு சூடாக இருந்தது. அடுப்பின் சூடு என்று நினைத்தாள்.

இறப்பைப் பதிவது கடினமாக இருக்கவில்லை. ஹைன்றிக்கின் ஆண்டை 1943இலிருந்து 1944க்கு மாற்றியபோதே, உத்தரத்தின் அத்தாட்சிப்படுத்திய படம் போதுமானது என்று பதிவு அலுவலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. இம்முறை எழுத்து வேறு என்பதால் ஹனோவரிலிருந்து சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து, உத்தரத்தில் உள்ளது மூன்று எழுத்தும் ஒரு எண்ணும் என்றும், அது ஆண் ஒருவரின் கிறிஸ்தவப் பெயர் என்றும் எழுதி முத்திரை குத்தினார். ஹெட்விக், இல்ஸே, வில்பிறீட் மூவரும் கையெழுத்து வைத்தார்கள். 2004 பெப்ரவரியில் ரெர்மின், அதாவது நேரில் வரச்சொன்ன நாளும் நேரமும், கிடைத்தது. யோகலிங்கம் வெளியே நடையில் இருக்க, ஞானமலர் உள்ளே போனாள். பதிவாளர் இளம் பெண். கணினியில் பெயர், பிறந்த தேதி, ஆண்டு எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வந்து ஒரு கட்டத்தில் கையை நிறுத்தினாள். இறந்த இடம் என்று கேட்டது அந்தக் கட்டம். உத்தரம் அதைச் சொல்லவில்லையே என்றாள். வெறுமையாக விட இயலாது, கணினி ஏற்காது. தெரியாது என்று போடட்டுமா?

தெரியாது என்ற சொல் ஞானமலரின் வாய்வரை வந்தது. பதின்மூன்று வருடப் பழக்கம். ஒரு அறை, பதினாறு பேர், பிறகு பதினொன்று, பிறகு ஆறு; அந்த அறை எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், யாருடைய பூட்டுக்குள் இருந்ததென்று அவளுக்கு இன்றும் தெரியாதுதான். ஒருநாள் போய்த் தேடவும் கூடும். ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் கடைசி நாள் அவன் சப்பாத்தைக் கழற்றிய இடம் தெரியும்.

"வீட்டில," என்றாள் தமிழில். பிறகு ஜெர்மன் மொழியில் சொன்னாள். "ஏல்மூர், ஏழாம் இலக்கம். வீட்டில்தான் இறந்தார்."

பதிவாளர் தட்டினாள். கணினி ஏற்றுக்கொண்டது. அச்சடித்து வந்த கடதாசி இன்னும் சூடாக இருந்தது. ஞானமலர் அதை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்தபடி நடைக்கு வந்தாள். யோகலிங்கம் எழுந்து நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம். வாருங்கோ லிங்கம், பஸ் வரப்போகுது," என்றாள். அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதற்தடவை.

அந்த மாதமே பூசை ஒப்புக்கொடுத்தாள், ஒரு வருடம் கறுப்பு உடுத்தாள். 2005 ஏப்ரலில் அதே பதிவு அலுவலகத்தில் அவளும் யோகலிங்கமும் கையெழுத்து வைத்தார்கள். வில்பிறீட் சாட்சி. அடுப்புப் பக்கத்து வாங்கில் பகலில் இருவரும் இருப்பதில்லை. பேசி எடுத்த முடிவல்ல, அப்படி வந்துவிட்டது. குளிர்காலத்தில் யோகலிங்கம் விறகு போடும்போது அந்தப் பக்கத்துக்கு இரண்டு கட்டை கூடுதலாகவே போடுவார்.

மாவட்டப் புத்தகம் 2006 இலையுதிர்காலத்தில் இரண்டு பாகமாக வெளிவந்தது. ஏழாம் இலக்க வீட்டில் குடியிருந்தோர் பட்டியல் இரண்டாம் பாகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: றோடெவால்ட் குடும்பத்தின் எட்டுத் தலைமுறை, ஸ்தனிஸ்லாவா, கிழக்கிலிருந்து வந்தோரின் குழந்தை, பன்னிரண்டு தமிழர், பிறகு வந்த யோகலிங்கம், அவர்களுக்குக் கீழே தனி வரியில், 'யோசப், பேசாலை மீனவர், 1991 முதல் இவ்வீட்டில் வாழ்ந்து 1997 நவம்பரில் இவ்வீட்டிலேயே காலமானார்' என்று. புத்தகம் வந்தபின் மாவட்டம் முழுவதிலுமிருந்து திருத்தங்கள் குவிந்தன. யாருடைய பாட்டன் எந்த ஆலையை வாங்கினார், எந்தக் கொட்டகை எந்த வருடம் எரிந்தது என்று சண்டைபிடித்து எழுதினார்கள். அடுத்த வருடம் டீர்க்கிங் முப்பத்தொரு பக்கத்தில் ஒரு பிழைதிருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குத் திருத்தம் எதுவும் வரவில்லை.